கிருஷ்ணகிரி கடை ஃப்ரீசரில் கிடைக்கும் சாசேஜ்: எது எதற்கு ஆகும்?

கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ டிபார்ட்மென்ட் ஸ்டோரில் சாசேஜ் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது சிக்கன்தான். சாதா, காரம் போட்டது, சீஸ் வைத்தது, சின்னச் சின்ன காக்டெயில் என்று அதிலேயே நாலு வகை. பன்றிக்கறி சாசேஜ், கோவா சோரிசோ (மிளகாய், வினிகரில் ஊறிய பன்றிக்கறி சாசேஜ்) வேண்டுமென்றால் ஓசூர், பெங்களூரு பக்கம் தேட வேண்டும். எதை வாங்கினாலும் வாணலியில் எண்ணெய் ஊற்றிப் பொரிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. அப்புறம் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள். பாதித் தப்பு அடுப்பில் இருக்கிறது.

பாக்கெட் சிக்கன் சாசேஜ் ஏற்கெனவே வெந்தது. கறியோடு கொழுப்பு, ஐஸ், ஸ்டார்ச், சோயா புரதம் எல்லாம் சேர்த்து மைய அரைத்து, உறையில் அடைத்து, வேகவைத்துத்தான் ஃப்ரீஸ் செய்கிறார்கள். நமக்கு மிச்சமிருக்கும் வேலை உள்ளே சூடேற்றுவதும் மேலே சிவக்க விடுவதும்தான். கால் மணி நேரம் வதக்கினால் உள்ளே பிடித்து வைத்திருக்கும் ஈரம் போய்விடும், மிச்சம் சக்கைதான்.

வாங்கும்போது பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாக ஆட வேண்டும். எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டி, அடியில் ஐஸ் திரண்டிருந்தால் நடுவில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். வெயில் காலத்தில், கரண்ட் அடிக்கடி போகும் ஏரியா கடைகளில் இதைக் கட்டாயம் பார்க்கவும். லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். கோழிக்கறிக்கு அடுத்த இடத்திலேயே ஸ்டார்ச் வந்தால் அந்த பாக்கெட் வேண்டாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர். தெர்மாகோல் டப்பாவோ நாலு சுற்று செய்தித்தாளோ இல்லாமல் கொண்டு வர வேண்டாம்.

சாதா சிக்கன் சாசேஜ் ருசியில் சுமார். ஆனால் நம் சமையலுக்கு அதிகம் உதவுவது இதுதான். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் கீழே வைத்துவிடுங்கள். அவசரமென்றால் பிரிக்காத பாக்கெட்டைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் போதும். விரலால் தடவிப் பார்த்து, மேலே கண்ணாடிக் காகிதம் மாதிரி உறை இருந்தால் உரித்துவிடவும். தோசைக்கல்லில் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர், அதில் சாசேஜ், மேலே மூடி, 3 நிமிடம். தண்ணீர் வற்றியதும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் 2 நிமிடம் உருட்டி உருட்டிச் சிவக்க விடவும். உறைந்ததை அப்படியே சூடான எண்ணெயில் போட்டால் ஐஸ் வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். மேலே கருகி நடுவில் சில்லென்று இருக்கும். குக்கர் வேண்டவே வேண்டாம், ஒரு விசிலிலேயே உப்பி வெடித்துவிடும்.

களிக்குத் தொட்டுக்கொள்ள இதே சாசேஜில் தொக்கு போடலாம். 250 கிராம் சாசேஜைச் சாய்வாக நறுக்கி, சிவக்க வறுத்துத் தனியே எடுத்து வைக்கவும். அதே எண்ணெயில் சோம்பு, 2 பெரிய வெங்காயம், ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, 4 தக்காளி, ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளியில் புளிப்பான நாட்டு ரகம் கிடைத்தால் அதுவே சரி, சாசேஜின் மொழுமொழுப்பை அது வெட்டும். எண்ணெய் பிரிந்த பிறகுதான் சாசேஜைப் போட வேண்டும், 2 நிமிடத்தில் இறக்க வேண்டும். முதலிலேயே போட்டுக் கொதிக்க விட்டால் தொக்கு நன்றாக இருக்கும், சாசேஜ் பஞ்சாகிவிடும். உப்பில் கை அடக்கம் தேவை. லேபிளில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் அது 2 கிராம் உப்பு. அந்தக் கணக்கில் 250 கிராமில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு முன்பே இருக்கிறது. வெங்காயம் வதங்க ஒரு சிட்டிகை போட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கவும்.

காரம் போட்ட வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, அந்த மிளகாயை வீட்டிலேயே போடலாம். காக்டெயில் கொத்து பரோட்டாவுக்கும் ஃப்ரைடு ரைஸுக்கும் பொருத்தம்: 2 பரோட்டாவுக்கு 6 துண்டு, 2 முட்டை. துண்டுகளைத் தனியே சிவக்க வைத்து, முட்டை பாதி வெந்ததும் சேர்க்கவும்.

சீஸ் சாசேஜில் கீறல் போடாதீர்கள், சீஸ் முழுக்கக் கல்லில் ஒழுகிக் கருகும். சூடேறாத கல்லில் வைத்து, சின்னத் தீயில் 6 நிமிடம். இறக்கி 2 நிமிடம் ஆறவிட்டுத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். உள்ளே சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும்.

பச்சைப் பன்றிக்கறி சாசேஜ் தனி ரகம், ருசியில் மற்றவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இது வேகாதது. லேபிளில் வேகவைத்துச் சாப்பிடவும் என்று இருக்கிறதா பாருங்கள். நடுப்பாகம் 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது: கறி கெடாமலிருக்கப் போடும் நைட்ரைட் (லேபிளில் ஐஎன்எஸ் 250) சேர்த்திருந்தால் வெந்த பிறகும் ரோஸ் நிறம் போகாது. சமையல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சுலபமான வழி, தோலைக் கிழித்து உள்ளிருப்பதைப் பிதுக்கி, கொத்துக்கறி மாதிரி உதிர்த்து வதக்குவது. 250 கிராமுக்கு 10 நிமிடம் போதும், மிளகு கொஞ்சம் தாராளமாக. அதன் கொழுப்பே உருகி வருவதால் எண்ணெய் ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

கோவா சோரிசோவில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மிளகாய், வினிகர், உப்பு, பூண்டு எல்லாம் ஊறிய பன்றிக்கறி அது. எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் எதுவும் சேர்க்கக் கூடாது. புளி வியாபாரம் நடக்கும் ஊர் என்பதற்காக அதில் புளியும் கரைக்க வேண்டாம். 200 கிராம் சோரிசோவைத் தோல் நீக்கி உதிர்த்து, 3 வெங்காயம், ஒரு கப் தண்ணீரோடு மூடி வைத்துச் சின்னத் தீயில் 20 நிமிடம். உருளைக்கிழங்கு 2 சேர்ப்பதானால் முக்கால் பதம் வேகவைத்த பிறகு சேர்க்கவும். பச்சையாகப் போட்டால் வினிகர் புளிப்பில் கிழங்கு லேசில் வேகாது, அதற்குள் கறி வறண்டுவிடும். பாவ் ரொட்டிதான் கோவா வழக்கம். கல் தோசைக்கும் நன்றாகவே போகிறது.

பிரித்த பாக்கெட்டை 3 நாளைக்குள் முடித்துவிடுங்கள், உருகியதை மறுபடி ஃப்ரீசரில் தள்ள வேண்டாம். பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015லேயே புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது. தினசரி லஞ்ச் பாக்ஸுக்கு இது ஆகாது. சோரிசோ சட்டியில் தங்கும் சிவப்புக் கொழுப்பைக் கழுவிக் கொட்டிவிடாமல் இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்தால் மறுநாள் முட்டைப் பொரியலுக்கு வேறு எண்ணெய் தேவைப்படாது.