பத்துக்குப் பத்துப் பள்ளியா, ஆறு போதுமா?

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் வீடு தேடினால் பள்ளியின் ரேட்டிங் கூடவே வந்துவிடும். வீடு தேடும் தளமான ஸில்லோவில் ஒரு வீட்டைத் திறந்தாலே கீழே, பள்ளிகளுக்கு ரேட்டிங் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளம் தரும் எண், ஒன்றிலிருந்து பத்து வரை. எங்கள் மகளுக்காகப் பார்த்ததில் கடைசியில் இரண்டு எலிமெண்டரி (தொடக்கப்) பள்ளிகள் மிஞ்சின. ஒன்று பத்துக்குப் பத்து. இன்னொன்றுக்கு ஆறு; பிள்ளையின் முழு வளர்ச்சிதான் எங்கள் நோக்கம் என்று சொல்லிக்கொள்ளும் பள்ளி. ஆறு வாங்கிய பள்ளியில் சேர்த்தோம். "பத்தை விட்டுட்டு ஆறுக்கா போறீங்க?" என்று தெரிந்தவர்கள் இன்னும் கேட்பதால் இதை எழுதிவைக்கிறேன்.

சாதாரண விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டும் அரசுப் பள்ளிகள், கட்டணம் கிடையாது, ஒரே பள்ளி டிஸ்ட்ரிக்ட், ஒரே பாடத்திட்டம். காலை நேர கார் நெரிசலும் ஒரே லட்சணம். பத்துப் பள்ளியின் எல்லைக்குள் வாடகை அதிகம், அவ்வளவுதான்.

இனி மதிப்பெண். ரேட்டிங்குக்கு அடிப்படையான மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆங்கிலமும் கணக்கும் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் உண்டு. எலிமெண்டரியில் அறிவியல் தேர்வு ஐந்தாம் வகுப்பில் மட்டும். கிண்டர்கார்டனில் சேரும் பிள்ளைக்காக நாம் பார்க்கும் எண், அதைவிடக் குறைந்தது மூன்று வயது மூத்த பிள்ளைகள் வாங்கியது. மேலும், வசந்தத்தில் எழுதும் தேர்வின் அறிக்கை வீட்டுக்கு வரும்போது அந்த வகுப்பே முடிந்திருக்கும். இருந்தாலும் எண்ணுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. 2024-இல் மாநிலம் முழுக்க ஆங்கிலத்தில் 47 சதவீதம் பேரும் கணக்கில் 35.5 சதவீதம் பேரும்தான் நிர்ணயித்த தரத்தை எட்டினார்கள். அப்படியிருக்க, பத்தில் ஒன்பது பிள்ளைகள் தேறும் பள்ளி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது.

என்னைத் தயங்க வைத்தது டியூஷன். பத்துப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நின்றால் பெற்றோரின் கார்களுக்குச் சமமாக ஆஃப்டர்ஸ்கூல் வேன்கள் நிற்கின்றன. குமான், அபாகஸ், கணித ஒலிம்பியாட் பயிற்சி என்று பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். மூன்றாம் வகுப்பிலேயே ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போடும் பிள்ளை மாநிலத் தேர்வில் அசத்தத்தான் செய்யும். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, அம்மா அப்பா கட்டிய ஃபீஸின் பங்கு எவ்வளவு என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

இதைப் பிரித்துப் பார்க்க முயன்றவர்களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வாளர் ஷான் ரியர்டன் முக்கியமானவர். அமெரிக்கா முழுவதுமுள்ள மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மதிப்பெண்களைத் திரட்டி, சராசரி ஒரு பக்கம், ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக அவர் குழு காட்டுகிறது. சராசரி, குடும்பங்களின் வசதியோடு ஒட்டிக்கொண்டே போகிறது. கற்கும் வேகத்துக்கு வசதியோடு அவ்வளவு நெருக்கம் இல்லை. சிகாகோ அரசுப் பள்ளிகள் இதற்குப் பெயர்போன உதாரணம். சராசரி தேசிய அளவுக்குக் கீழே. ஆனால் 2009 முதல் 2014 வரையிலான தரவில், மூன்றிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போகும் 5 ஆண்டுகளில் அங்குள்ள பிள்ளைகள் 6 ஆண்டுப் படிப்பு அளவுக்கு முன்னேறியிருந்தார்கள்.

நம் பிள்ளையின் அறிக்கையிலேயே இதைப் பார்க்கலாம். கலிஃபோர்னியா தேர்வில் எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுகோல். கணக்கில் தரத்தை எட்ட மூன்றாம் வகுப்பில் 2436, நான்காம் வகுப்பில் 2485, ஐந்தில் 2528 வேண்டும். ஒரு பிள்ளை மூன்றில் 2520 வாங்கி நான்கில் 2530 வாங்குகிறது என்று வையுங்கள். இரண்டு வருடமும் ஜோராகத் தேறிவிட்டது, ஆனால் கூடியது 10 புள்ளிதான். இன்னொன்று 2400-இலிருந்து 2470-க்கு வருகிறது. 70 புள்ளி கூடியும் இரண்டு வருடமும் தேறாதவர் பட்டியலில் போய்விடும். தேறியவர் சதவீதத்தை மட்டும் பார்த்தால் முதல் பிள்ளையின் பள்ளிதான் ஜெயிக்கும். கிரேட்ஸ்கூல்ஸ் இப்போது முன்னேற்றத்தையும் ஓரளவு சேர்த்துக்கொள்கிறது. அதன் பக்கத்தில் உள்ளே போய் அந்தப் பகுதியைத் தனியாகப் பார்ப்பது நல்லது. எங்கள் ஆறுப் பள்ளி அதில் பத்துப் பள்ளிக்குச் சளைக்கவில்லை.

முழு வளர்ச்சி என்ற பேச்சை மட்டும் நம்பியும் போகக் கூடாது. அது எல்லாப் பள்ளியின் இணையதளத்திலும் இருக்கிறது. பள்ளி நடக்கும் ஒவ்வொரு 10 நாளுக்கும் 200 நிமிடம் உடற்கல்வி, தினம் 30 நிமிடம் ரிசஸ் என்ற விளையாட்டு இடைவேளை, இரண்டும் மாநிலச் சட்டம். அதைப் பள்ளி தன் சாதனையாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். 2022-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ப்ரொப்பசிஷன் 28 என்ற சட்டத்தால் ஓவியம், இசைக்குத் தனிப் பணமும் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறது. இவற்றுக்கு மேல் என்ன நடக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஆறுப் பள்ளியில் நான் பார்த்தது ஒரு பின்னப் பாடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தோட்டத்தில் தக்காளிப் பாத்தியைக் கயிற்றால் அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு குழுவுக்கு ஆறே கால் அடி, இன்னொன்றுக்கு ஆறரை. சண்டை வந்தது. ஆசிரியை விடையைச் சொல்லவில்லை. குழுக்கள் கயிற்றை மாற்றிக்கொண்டு மறுபடி அளக்கச் சொன்னார். ஒரு கயிற்றில் முடிச்சு இருந்ததை ஒரு பையன் கண்டுபிடித்தான். பத்துப் பள்ளியின் டூரிலும் நல்ல ஆசிரியர்களைப் பார்த்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளிர்கால விடுமுறைக்குப் பிறகு வாராவாரம் மாதிரித் தேர்வு என்று பெருமையாகச் சொன்னார்கள்.

எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை, அவளுக்கு வாசிப்பு சுலபமாக வந்துவிட்டது. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையாக இருந்திருந்தால் தோட்டத்தை விட்டுவிட்டு, வாசிப்புக்குத் தனி உதவி யார் தருகிறார்கள் என்றுதான் முதலில் பார்த்திருப்பேன். கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரை வாசிப்புச் சிக்கலைக் கண்டறியும் சோதனை 2025-26 முதல் மாநிலத்தில் கட்டாயம். அப்படிப்பட்ட சோதனையை நான் வரவேற்கிறேன். அப்புறம், ஆறுப் பள்ளியில் மகள் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் காமிக்ஸ் படித்துக்கொண்டிருக்கும் நாட்களும் உண்டு. வார இறுதியில் நானே கொஞ்சம் கணக்குச் சொல்லித் தருகிறேன், அதையும் மறைப்பதற்கில்லை. மிடில் ஸ்கூலில் எங்கள் இந்த முடிவு எப்படி எடுபடும் என்று சொல்ல அவள் இன்னும் அங்கே போகவில்லை.

டூர் போகிறவர்கள் மூன்றாம் வகுப்பின் மார்ச் மாத டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள். தேர்வு நெருங்கும்போது அறிவியலும் ஓவியமும் இடத்தைக் காலி செய்கின்றனவா என்று அதில் தெரிந்துவிடும். ஆறுப் பள்ளி அலுவலகத்தில் அங்கேயே பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். பத்துப் பள்ளியில் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் ஆகஸ்ட் மாத டைம்டேபிள்தான் இருந்தது.