உண்ணும் வாழ்த்துகள்: பிஸ்கட்டா, சாக்லேட்டா, சர்க்கரை இதயங்களா?

காதலர் தினமான பிப்ரவரி 14 அன்று நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் கொடுப்பதற்காகக் குழந்தைகளுடன் சேர்ந்து ஏதேனும் தின்பண்டம் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்: ஐசிங் பூசிய இதய வடிவ பிஸ்கட், அச்சில் வார்த்த சாக்லேட், மேலே ஓரிரு சொற்கள் எழுதிய சிறு சர்க்கரை இதயங்கள். மூன்றுக்கும் செய்முறைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன என்றாலும், அவை ருசியையும் தோற்றத்தையும் முன்னிறுத்தியே எழுதப்படுவதால், வேலையில் குழந்தையின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. முக்கால்வாசி வேலையைப் பெரியவர் முடித்துவிட்டு, ஓரமாக நின்ற பிள்ளையைக் கடைசியில் அழைத்து வண்ணத் தூவல்களை மட்டும் தூவச் சொன்னால், அதைச் சேர்ந்து செய்ததாகக் கணக்கில் எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே, எந்தப் பண்டத்தில் குழந்தையின் கைக்கு உண்மையான வேலை அதிகம் என்பதையே இந்த ஒப்பீட்டின் முதல் அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன். பாதுகாப்பும், கொண்டு சேர்க்கும் வசதியும், ருசியும் அதற்குப் பின்னரே வருகின்றன.

முதலில் பிஸ்கட். சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மைதா 3 பங்கு என்ற எடை விகிதம் எளிதில் நினைவில் நிற்கக்கூடியது. 100 கிராம் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, விரும்பினால் சிறிது வெனிலா, அவ்வளவுதான். பேக்கிங் பவுடர் சேராததால் ஓவனில் மாவு உப்பிப் பரவுவதில்லை, வெட்டிய இதயம் இதயமாகவே வெளிவருகிறது. பிசைவது, தேய்ப்பது, வெட்டுவது, தட்டில் அடுக்குவது ஆகிய நான்கையும் நான்கு வயதுப் பிள்ளைகூடச் செய்ய முடியும் என்பதுதான் இதன் பெரிய பலம். ஆனால் வெதுவெதுப்பான சிறு கைகள் வெண்ணெயை விரைவில் இளக்கிவிடும் என்பதால், மாவை இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்துச் சுமார் 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அப்படியே அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அதன் பிறகு வெட்டுவது நல்லது. குளிர்ந்த மாவிலிருந்து குக்கி கட்டரை எடுக்கும்போது இதயத்தின் கூர்முனை பிய்ந்து அச்சிலேயே தங்கிவிடாது. குழந்தை அழுவதற்கான முதல் காரணமும் அத்துடன் நீங்கிவிடும். 170 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடங்கள் சுட்டு, ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம்.

பிஸ்கட்டின் குறை பலர் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. மைதா வேகாத மூலப்பொருள். அதில் சால்மொனெல்லா, ஈ. கோலை போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு என்பதால், முட்டையே சேர்க்காத மாவாக இருந்தாலும் பச்சையாகச் சுவைக்கக் கூடாது. விரலை நக்காத பிள்ளை உலகத்தில் இல்லை என்பதால், தின்பதற்கென்று ஒரு கிண்ணத்தில் பழத்துண்டுகளைப் பக்கத்தில் வைத்துவிடுவது அறிவுரை சொல்வதைவிடப் பலன் தரும். அலங்காரத்துக்கு வரும்போது, முட்டையின் வெள்ளைக்கருவில் செய்யும் ராயல் ஐசிங் பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் பச்சை முட்டை என்பதால் குழந்தைகளுக்கு உகந்ததன்று, அதற்குப் பதிலாக மெரிங்கு பவுடரில் (உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி) செய்தாலோ அதன் பதத்தைப் பிடிப்பதற்குப் பெரியவர்களுக்கே பயிற்சி வேண்டும். 100 கிராம் ஐசிங் சர்க்கரையில் சுமார் 1 மேசைக்கரண்டி தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைத்த எளிய பூச்சே போதும். பிஸ்கட்டைக் கவிழ்த்து அதில் தோய்த்து எடுப்பதைப் பிள்ளைகள் தாங்களே செய்துவிடுவார்கள். இப்பூச்சு உலர ஓர் இரவு ஆகும் என்பதால், 13ஆம் தேதி மாலையில் தொடங்குவது தாமதம்.

நிறத்தைப் பற்றி ஒரு குறிப்பு இங்கே அவசியமாகிறது, ஏனெனில் பீட்ரூட் சாற்றை மாவிலேயே கலந்துவிடலாம் என்ற யோசனை பலருக்கும் வருகிறது. பீட்ரூட்டின் சிவப்பைத் தருகிற பீட்டாலைன் நிறமிகள் வெப்பத்தைத் தாங்குவதில்லை. ஓவனுக்குள் இளஞ்சிவப்பாகப் போகிற பிஸ்கட் மங்கிய பழுப்பாக வெளிவரும். அதே சாற்றைச் சுடாத ஐசிங்கில் தண்ணீருக்குப் பதிலாகச் சேர்த்தால், சில துளிகளிலேயே நல்ல ரோஜா நிறம் கிடைக்கிறது.

சாக்லேட்டைப் பொறுத்தவரை ருசியில் அதற்கு இங்கே போட்டி இல்லை. ஆனால் அதன் வேலை முழுவதும் பெரியவரின் கைக்கே உரியது. உண்மையான சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகை மட்டுமே பளபளப்பையும், உடைக்கும்போது எழும் அந்த 'டக்' ஓசையையும் தருகிறது. அதற்காகவே டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்குக் குளிரவிட்டு, மறுபடியும் 31 அல்லது 32 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். இந்த டெம்பரிங்கைச் செய்யாமல் உருக்கி ஊற்றிவிட்டால், அச்சிலிருந்து எளிதில் கழலாததோடு, சில நாட்களில் மேலே சாம்பல் நிறப் படலமும் படரும். தெர்மாமீட்டரைப் பார்த்து எண்களைச் சொல்லும் வேலை பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தமானது. அதைவிடச் சிறியவர்களுக்கு இதில் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

தண்ணீரோ இன்னொரு தொல்லை. கை கழுவிவிட்டு ஓடி வருகிற பிள்ளையின் விரலிலிருந்து ஒரு சில துளிகள் உருகிய சாக்லேட்டில் விழுந்து கலந்தால் போதும். பட்டுப்போல ஓடிக்கொண்டிருந்தது கரண்டியைச் சுற்றி மணல்மணலாகக் கட்டிக்கொண்டுவிடும். சாக்லேட்டில் உள்ள நுண்ணிய சர்க்கரைத் துகள்கள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் இது நேர்கிறது. அதை மறுபடியும் வார்ப்புச் சாக்லேட்டாக்க முடியாது, ஆனாலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. சூடான பாலைத் தாராளமாகச் சேர்த்துக் கலக்கினால் நல்ல சாஸ் ஆகிவிடும். தண்ணீர் அடிப்படையிலான உணவு நிறங்களும் இதே விளைவைத் தருவதால், வெள்ளைச் சாக்லேட்டை இளஞ்சிவப்பாக்க எண்ணெய் அடிப்படையிலான நிறமோ, உறைநிலையில் உலர்த்திய ஸ்ட்ராபெரியின் பொடியோதான் வேண்டும். பின்னதை நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் வெள்ளைச் சாக்லேட்டின் திகட்டலைக் குறைக்கும் புளிப்பும் அதில் இருக்கிறது.

கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு டெம்பரிங் தேவையில்லை. ருசி ஒரு படி குறையும், வேலை பாதியாகும். ஐந்து வயதுப் பிள்ளையுடன் சாக்லேட்தான் செய்தாக வேண்டும் என்றால், இதையே உருக்கி ஐசிங் பையில் ஊற்றி, சூடு சற்றே தணிந்ததும் பிள்ளையிடம் கொடுத்து, பட்டர் பேப்பரில் நண்பர்களின் பெயர் முதலெழுத்துகளை வரையச் சொல்வது அச்சில் ஊற்றுவதைவிடச் சிறந்தது. கோணலான எழுத்துகளாக இருந்தாலும் அவை அந்தக் குழந்தையின் கையெழுத்து. சிலிகான் அச்சில் வார்த்த இதயமோ யார் ஊற்றினாலும் ஒன்றுபோலவே வரும்.

மூன்றாவதான சர்க்கரை இதயங்களுக்கு நல்ல வரலாறும் உண்டு. பாஸ்டனில் மருந்துக்கடை நடத்திய ஆலிவர் சேஸ் 1847இல் மருந்து வில்லைகளை வெட்டும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி மிட்டாய்த் தொழிலில் இறங்கினார். அவருடைய சகோதரர் டேனியல் சேஸ் 1866இல் மிட்டாயின் மேல் சொற்களை அச்சிடும் முறையைக் கண்டறிந்தார். வீட்டில் செய்வதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம், ஓவனும் வேண்டாம். 120 மில்லி தண்ணீரில் 7 கிராம் ஜெலட்டினையும் 2 தேக்கரண்டி குளுக்கோஸ் சிரப்பையும் சேர்த்து லேசான சூட்டில் கரைத்து, ஏறத்தாழ 900 கிராம் ஐசிங் சர்க்கரையைப் பகுதி பகுதியாகச் சேர்த்துப் பிசைந்தால், களிமண்ணைப் போல வளையும் மாவு கிடைக்கும். உருண்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறமும் வாசனையும் சேர்த்து, தேய்த்து வெட்டி, 24 மணி நேரமோ அதற்கு மேலோ உலர்த்த வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் இன்னும் ஒரு நாள் கூடும்.

பச்சை மைதாவோ பச்சை முட்டையோ இல்லாததால், விரலை நக்கினாலும் பதற வேண்டியதில்லை. கரைக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தவிர மற்ற அனைத்தும் பிள்ளையின் வேலை. உண்ணத்தக்க மை கொண்ட பேனாவால் எழுதும்போது ஓர் இதயத்தில் இரண்டு சொற்களுக்கு மேல் இடமிருக்காது என்பதால், யாருக்கு எதை எழுதுவது என்று பிள்ளைகள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். 'நீதான் கோல்கீப்பர்', 'பென்சிலுக்கு நன்றி' என்பன போன்ற, எந்தக் கடையிலும் கிடைக்காத வாசகங்கள் அப்போதுதான் பிறக்கின்றன. ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும், வெறும் இனிப்புதான். விலங்குகளிலிருந்து எடுக்கப்படுவதால் சைவ உணவுக்காரர்களுக்கு ஜெலட்டின் ஆகாது. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்தக் கெட்டியான வில்லைகள் தொண்டையில் சிக்கும் அபாயமும் உண்டு.

மேற்சொன்ன மூன்றுக்கும் வெளியே இருப்பவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைப் பாகை 150 டிகிரிக்குக் காய்ச்சி ஊற்றும் லாலிபாப்பைக் குழந்தைகள் இருக்கும் அடுப்படியில் செய்யவே கூடாது, ஏனெனில் அந்தப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். அகர் அகர் ஜெல்லி இதயங்கள் சைவமானவை, செய்வதும் சுலபம். ஆனால் ஒரு தெரு தாண்டிக் கொண்டுபோவதற்குள் வேர்த்துக் குலைந்துவிடும்.

ஆறு வயது வரை பிஸ்கட், எழுதத் தெரிந்த பிறகு சர்க்கரை இதயங்கள், பொறுமை வந்த பத்து வயதுக்கு மேல் சாக்லேட் என்பதே என் வரிசை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே வீட்டில் இருந்தால், மூத்த பிள்ளை எழுத இளைய பிள்ளை வெட்டும் சர்க்கரை இதயங்களே சண்டையைக் குறைக்கும். எதைச் செய்தாலும், உறையின் மேல் சேர்மானங்களை முழுவதுமாக எழுதி ஒட்ட வேண்டும். பால், கோதுமை, முட்டை, கொட்டை வகைகள் ஒவ்வாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். பள்ளிகள் சில வீட்டுத் தின்பண்டங்களையே அனுமதிப்பதில்லை என்பதால், மாவைப் பிசையும் முன் ஆசிரியரைக் கேட்டுக்கொள்வதும் நல்லது.