முனி, காஞ்சனா, அரண்மனை: எந்தப் பாகத்துக்கு டிக்கெட் காசு தகும்?

பேய்ப் படம் என்றாலே பாகம் ஏற ஏறத் தரம் இறங்கும் என்று எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். முனியில் ஆரம்பித்து காஞ்சனா 3 வரைக்கும், அப்புறம் அரண்மனை நாலு பாகத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அது பாதிதான் உண்மை. காஞ்சனா முதல் பாகமே கிடையாது என்பது நிறையப் பேருக்கு ஞாபகம் இல்லை. 2007இல் வந்த முனிதான் முதல், 2011 காஞ்சனா அதற்கு இரண்டாம் பாகம், இந்த வரிசையிலேயே உருப்படியானதும் அதுதான்.

முனியைக் குறை சொல்ல மனசு வராது. ராஜ்கிரண் பேயாக வருகிற முனியாண்டி, அரசியல்வாதியை நம்பி மோசம் போய்ச் செத்த மனுஷன். பாண்டி கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிற ஊரில், வடக்கம்பட்டி முனியாண்டிக்கு வருஷா வருஷம் பிரியாணியே படைக்கிற பக்கத்தில், முனி என்றால் பயப்படுவதை விட "வாங்கய்யா, உட்காருங்க" என்று சொல்லத்தான் தோன்றும். அதனால் எங்களுக்கு அது பேய்ப் படமாகவே படவில்லை, குலசாமி வந்து நியாயம் கேட்ட மாதிரி இருந்தது. நகைச்சுவை மட்டும் இப்போது பார்த்தால் கொஞ்சம் இழுவை.

காஞ்சனாவில் நடந்ததே வேறு. முதல் பாதி முழுக்கப் பேய்க்குப் பயந்து அம்மா கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறுகிற ராகவா லாரன்ஸைப் பார்த்து தியேட்டரே உருண்டு சிரிக்கும். அப்புறம் சரத்குமார் திருநங்கையாக வருகிறார். பெற்றவர்கள் துரத்திவிட்ட பிள்ளைக்கு ஒரு பாய் அடைக்கலம் கொடுக்கிறார், அந்தப் பிள்ளை தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்கிறது, கடைசியில் நிலத்துக்காகக் காஞ்சனாவையும் அந்தப் பாயையும் அவர் மகனையும் கொன்றுவிடுகிறார்கள். விசில் அடித்துக்கொண்டிருந்த கூட்டம் அந்த ஃப்ளாஷ்பேக்கில் கப்சிப். சிவப்புச் சேலையோடு லாரன்ஸ் எழுந்து ஆடும்போது சாமியாடியைப் பார்க்கிற மாதிரி பின்வரிசையில் ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டதை நானே பார்த்தேன்.

எங்கள் அப்பத்தா டிவியில் எந்தப் பேய்ப் படம் ஓடினாலும் ஒன்றுதான் கேட்கும்: "ஏம்ப்பா, இந்தப் பேய்க்கு என்ன கொறையாம்?" பதில் ஒரு வரியில் சொல்ல முடிந்தால் உட்கார்ந்து பார்க்கும், இல்லையென்றால் வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போய்விடும். இத்தனை பாகத்தையும் அளக்க எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

காஞ்சனா 2 (2015) பாதி தேறும். நித்யா மேனன் வருகிற பகுதி மனசில் நிற்கும், டாப்ஸியும் நன்றாகவே செய்திருந்தார். ஆனால் கோளாறு ஆரம்பித்ததும் இங்கேதான். முதல் இரண்டு படத்தில் பேயின் கதை ராஜ்கிரணுக்கும் சரத்குமாருக்கும் போனது, லாரன்ஸ் பயந்து நடுங்குகிற ஆளாக மட்டும் இருந்தார். இதிலிருந்து பயப்படுகிற ஆளும் அவரே, பழிவாங்குகிற ஆவியும் அவரே. 2019இல் வந்த காஞ்சனா 3இல் இது முற்றிப்போய், நரைத்த தலையோடு காளி வரும்போது ஆவிக்கே மாஸ் என்ட்ரி. மூன்று முறைப்பெண்கள் சுற்றிச் சுற்றி வருகிற முதல் பாதியை என்னால் சகிக்கவே முடியவில்லை. கடை சாத்துகிற நேரத்தில் சால்னாவில் வெந்நீர் ஊற்றுவார்களே, அந்த ருசி. ஆனால் படம் நன்றாகவே ஓடியது, விடுமுறையில் பிள்ளை குட்டிகளோடு கூட்டம் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரண்மனைக்கு வருவோம். 2014இல் முதல் பாகம் ஜாலியான படம், சந்தானத்துக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். 2016இல் இரண்டாம் பாகத்தில் சாதி மாறிக் காதலித்த பெண்ணைக் குடும்பமே கொன்றுவிடுகிறது. நம் பக்கத்தில் அது கதையே இல்லை, செய்தி. அவ்வளவு கனமான குறையைக் கையில் வைத்துக்கொண்டு பாதி நேரம் கவர்ச்சியிலும் கடியிலும் போக்கிவிட்டார் சுந்தர் சி. மூன்றாம் பாகம் (2021) பற்றிப் பேச ஒன்றும் இல்லை, மறைந்த விவேக்கைத் திரையில் பார்த்ததுதான் மிச்சம்.

கணக்குப்படி பார்த்தால் நான்காவது இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். 2024 மே மாதம், அதுவரைக்கும் புதுப்படம் எதுவும் சரியாகப் போகாமல் கில்லியை மறுபடி ரிலீஸ் செய்து தியேட்டர்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நேரம், அரண்மனை 4 பிய்த்துக்கொண்டு போனது. அசாம் பக்கத்துக் கதைகளில் வருகிற பாக் என்ற உரு மாறும் பேயைக் கொண்டுவந்து, அதற்கு எதிராகச் செத்த பிறகும் பிள்ளைகளைக் காப்பாற்ற நிற்கிற தாயாகத் தமன்னாவை நிறுத்தினார்கள். அப்பத்தா கேள்விக்கு ஒரே வரியில் பதில்! நான் பார்த்த தியேட்டரில் சவுண்டைக் காது கிழிகிற அளவுக்கு வைத்திருந்தார்கள், ஏசியும் பாதியில் போனது, அப்படியும் 'அச்சச்சோ' பாட்டு முடிகிற வரைக்கும் ஒருத்தரும் கிளம்பவில்லை.

வெளிநாட்டுக் கதையும் ரொம்ப வித்தியாசம் இல்லை. ஃப்ரைடே த தேர்ட்டீன்த் 1980இல் வந்தபோது கொலைகாரி, பிற்பாடு அந்த வரிசையின் கொலைகாரனாகிற ஜேசனின் அம்மா, பிள்ளையைப் பறிகொடுத்த கோபம் அவளுக்கு. ஜேசன் முகத்தில் அந்த ஹாக்கி முகமூடி ஏறியதே மூன்றாம் பாகத்தில்தான். பத்தாவதில் ஆளை விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள், அங்கே போய் அவனுக்கு என்ன குறை? ஜேம்ஸ் வான் இயக்கிய இரண்டு கான்ஜுரிங்கும் நின்று பேசும், ஆள் மாறிய மூன்றாவது எனக்கு ஒட்டவில்லை.

சரி, யார் எதைப் பார்க்கலாம்? வீட்டில் பெரியவர்களோடு என்றால் காஞ்சனா, பிள்ளைகளோடு என்றால் அரண்மனை 4. முனியை ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். காஞ்சனா 3க்கும் அரண்மனை 3க்கும் ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க மாட்டேன், அதுவும் கோவை சரளாவுக்கும் விவேக்குக்கும்தான்.