அடிச்சட்டமா, உடலா: 1960களின் கேடிலாக் 75, லேமன்-பீட்டர்சன் லிங்கன்

1968 கேடிலாக் ஃப்ளீட்வுட் 75 தொழிற்சாலையிலேயே லிமோசினாகப் பிறந்த வண்டி. அச்சிடைத் தூரம் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) சுமார் 150 அங்குலம், அடியில் உடலைத் தாங்கும் தனிச் சட்டம் (ஃப்ரேம்), 472 கன அங்குல வி8 எஞ்சின். நடுவில் இரண்டு மடக்கு இருக்கைகள் உண்டு.

லிங்கன் கான்டினென்டல் கதை வேறு. அதற்குத் தனிச் சட்டமே கிடையாது, உடல்தான் சட்டம். சிகாகோவின் லேமன்-பீட்டர்சன் பட்டறை அதை முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே வெட்டி, 34 அங்குலம் சேர்த்து, 126 அங்குல அச்சிடைத் தூரத்தை 160 ஆக்கியது. வெட்டிய இடத்தில் தகரத்தை ஒட்டவைத்தால் மட்டும் போதாது. தரையையும் கதவடிப் பெட்டிகளையும் (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும், உள்ளே வெற்றிடமான தகரப் பகுதிகள்) பலப்படுத்த வேண்டும். எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய், வயரிங் எல்லாமே நீளவேண்டும்.

இன்று இந்த லிங்கனை வாங்குபவர் பார்க்கவேண்டியதும் அந்தக் கதவடிப் பெட்டியைத்தான். உள்ளே துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும். கதவு இடைவெளி மேலே குறுகி, பின்கதவு உரசும். பெயின்ட் அதை மறைக்காது. கேடிலாக்கில் சட்டம் பின் அச்சுக்கு மேலே வளையும் பகுதியைத் தட்டிப் பார்த்து, சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ரப்பர்களையும் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். துருப்பிடித்த கதவடிப் பெட்டியைச் சரிசெய்வதைவிட ரப்பரை மாற்றுவது எளிது.

வேலைப்பாட்டில் லிங்கன்தான் அழகு. ஓட்டிப் பராமரிக்க கேடிலாக்.