மாமாவின் முகம்: டிவிடியைப் பெரிதாக்கும் ஏஐ மென்பொருள், இரண்டு வருடம் கழித்து

"விலை குறைச்சிருக்காங்க, வாங்கலாமாடா?" என்று, பழைய டிவிடி படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் ஏஐ மென்பொருளைப் பற்றிப் போன வாரம் நண்பன் கேட்டான். போனில் சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடமாக நான் அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டுவதெல்லாம் ஒரே டிஸ்க்குக்காகத்தான். 2004இல் மயிலாடுதுறையில் நடந்த அக்கா கல்யாணம். வீடியோக்காரர் மினிடிவி என்கிற சின்ன டிஜிட்டல் டேப்பில் எடுத்த மூன்று மணி நேரத்தையும் 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் அடைத்துக் கொடுத்திருந்தார். கணக்குப் போட்டால் ஒலியும் சேர்த்து வினாடிக்கு 3.5 மெகாபிட்கூடத் தேறவில்லை. டிவிடியில் படத்துக்கு மட்டுமே 9.8 வரை கொடுக்கலாம். இடம் பத்தாததால் கூட்டம் அசைகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. பழைய டப்பா டிவியில் அது உறுத்தியதே இல்லை. 55 இன்ச் 4கே டிவி வந்த அன்றைக்குத்தான் அம்மா, "என்னடா இப்படி இருக்கு?" என்றாள்.

முதல் அடி ஃபீல்டு வரிசையில் விழுந்தது. நம் ஊர் டிவிடி படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வருவது. வினாடிக்கு 50 அரைப்படம், ஒவ்வொன்றும் ஒரு ஃபீல்டு. மினிடிவியில் கீழ்வரி முதலில் வரும். என் டிஸ்க்கிலோ மேல்வரி முதல் என்று தப்பாகக் குறித்திருந்தது. மென்பொருள் அதை அப்படியே நம்பியது. ஒரு இரவும் மறுநாள் பகலும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு இரைந்து இரைந்து ஓடி முடித்த படத்தில், மாப்பிள்ளை ஊர்வலம் முழுக்க ஆட்கள் ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று உதறிக்கொண்டிருந்தார்கள். யாராவது கை வீசி நடக்கிற இடமாகப் பார்த்துப் பத்து வினாடி மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள். உதறினால் வரிசையை மாற்றுங்கள்.

இதைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் கியூடிஜிஎம்சி கிடைத்தது. ஏவிசிந்த் என்கிற வீடியோ மென்பொருளில் ஓடுகிற இலவச ஸ்கிரிப்ட். ஏஐ எதுவும் கிடையாது. 50 அரைப்படத்தை 50 முழுப்படமாக்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த வேலை முடிந்ததும் நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். தவில்காரரின் வலது கை விரல் கூடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தன. அதற்கு முன் அந்த இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள்தான் தெரியும். மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஏஐ மென்பொருள் என்னதான் செய்தது? செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கா முகம் திரை நிறைய வருகிற இடங்களில் நெற்றிச்சுட்டியும் கூரைப்புடவைச் சரிகையும் எடுத்து வைத்தாற்போல் வந்தன. கட்டம் கட்டமாக உடைந்த சுவர் வழவழப்பாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மாலை கட்டியிருந்த சம்பங்கியை எண்ணிவிடலாம் என்றாள்.

பந்திக் காட்சி வந்தது. பெரிய மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு எட்டு வினாடி கடந்து போவார். 2011இல் மாமா இறந்துவிட்டார். மாமா அசைவது இந்த ஒரு டிஸ்க்கில்தான், இந்த எட்டு வினாடியில்தான். 576 வரிப் படத்தில் அவர் முகத்துக்கு இருபது வரிகூட இல்லை. மென்பொருள் அந்த இடத்தில் கூர்மையான கண்ணும் மூக்கும் பல்வரிசையும் வைத்திருந்தது. எல்லாம் வேறு யாருடையவோ. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றாள். மங்கலாக இருந்தபோது ஒருமுறைகூட அவள் அப்படிக் கேட்டதில்லை.

4:3 படம் 4கே திரையில் 2880க்கு 2160 புள்ளிகளைப் பிடிக்கிறது. டிவிடியில் இருப்பது 720க்கு 576. சரியாகப் பதினைந்து மடங்கு. ஒரு புள்ளி டிஸ்க்கில் இருந்தது என்றால் பதினான்கு மென்பொருள் ஊகித்துப் போட்டது. சரிகையில் தப்பாக ஊகித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முகத்தில் அப்படியா? எழுத்திலும் இதே கதைதான். மேடையில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய 'மணமக்கள்' என்பதில் ணகரத்தின் சுழிகள் ஒட்டிப்போய், எந்த மொழியிலும் இல்லாத ஓர் உருவம் நிற்கிறது.

இரண்டு வருடத்தில் அதற்கு மூன்று பெரிய அப்டேட் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முதலில் ஓட்டிப் பார்ப்பது அந்த எட்டு வினாடியைத்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு மனிதர் சாம்பார் வாளியோடு போகிறார்.

இப்போது என் வழக்கம் இது. கியூடிஜிஎம்சி முடித்த பிறகு 1440க்கு 1080 வரை மட்டும் ஏஐயில் ஏற்றுகிறேன். நான்கு மடங்குக்கும் குறைவு. மீதியை டிவியே பார்த்துக்கொள்கிறது. ஏற்றிய படத்தில் மூலப்படத்தைப் பாதிக்குப் பாதி கலக்கிறேன். தூரத்து முகங்கள் வருகிற காட்சிகளை ஏஐ பக்கமே கொண்டுபோவதில்லை. பந்தி முழுவதும் இப்போது பழைய மங்கலோடுதான் இருக்கிறது.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. சரிகை, சம்பங்கி, சுவர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுத்தான் சொல்கிறேன், வாங்காதே. என் கணினியிலிருந்து அதை நான் நீக்கப்போவதில்லை. அடுத்த அப்டேட் வந்தால் மறுபடி அந்த எட்டு வினாடியைப் போடுவேன், எனக்கே தெரிகிறது. ஆனால் நீ முதலில் உன் டிஸ்க்கை வெளியே எடு. தூசியோ கைரேகையோ இருந்தால் மிருதுவான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடை, வட்டமாகத் தேய்க்காதே. இந்த வாரமே முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓவாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்து, இரண்டு இடத்தில் வை. பிறகு வீட்டுக்கு வா, கியூடிஜிஎம்சி போட்டுத் தருகிறேன். உங்கள் அப்பத்தா மொய் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாயே, அதை முதலில் பார்ப்போம்.