பச்சைக்காரி மேடையில் பறந்ததும் திரையில் பறந்ததும்

'விக்கிட்' பார்க்கப் போகிறோம் என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், திருநெல்வேலியிலிருந்து என் தம்பி கேட்ட முதல் கேள்வி: "லார்ட்ஸ்லயா, ஓவல்லயா?" கிரிக்கெட் இல்லைடா, இது வேற விக்கிட், கெட்டவள் என்று அர்த்தம், ஒரு சூனியக்காரியின் கதை என்று விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லண்டன் விக்டோரியா ஸ்டேஷனை ஒட்டி இருக்கிற அப்போலோ விக்டோரியா அரங்கில் 2006 செப்டம்பரில் தொடங்கி, கோவிட் காலத்தில் மூடிக் கிடந்ததைத் தவிர, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற இசை நாடகம் இது. அதையே இரண்டு பாகமாக வெட்டிப் படமாக்கி, 2024 நவம்பரில் ஒன்று, 2025 நவம்பரில் இன்னொன்று என்று வெளியிட்டார்கள். நான் மூன்றையும் பார்த்துவிட்டேன். நாடகமா படமா, எதற்குக் காசு போடலாம் என்று ஆபீஸில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: 1939இல் வந்த 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் பச்சை முகமும் கூர்த்தொப்பியுமாக ஒரு சூனியக்காரி வருவாளே, தண்ணீர் பட்டதும் கரைந்து போவாளே, அவள் உண்மையில் கெட்டவள்தானா என்பதுதான் கேள்வி. 1995இல் கிரிகரி மகுவயர் இதை நாவலாக எழுதினார். மூலக்கதை எழுதிய எல். ஃபிராங்க் பாமின் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்து அவளுக்கு எல்ஃபபா என்று பெயர் வைத்தவரும் அவரே. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் பாட்டு, வின்னி ஹோல்ஸ்மன் வசனம் என்று 2003இல் நியூயார்க் பிராட்வேயில் நாடகமானது. பச்சைத்தோலோடு பிறந்த எல்ஃபபாவும், ஊரே கொண்டாடுகிற சிவத்த அழகி கிளிண்டாவும் ஹாஸ்டலில் ஒரே அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

எல்ஃபபா ஏன் பச்சையாகப் பிறந்தாள் என்பதற்கு ஆரம்பத்திலேயே ஒரு துப்பு வருகிறது. அவள் அம்மா ஒரு பச்சைப் புட்டியிலிருந்து ஏதோ ஒரு சரக்கை வாங்கிக் குடிக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். நான் வயிற்றில் இருந்தபோது என் அம்மாவுக்குக் குங்குமப்பூ போட்டுப் பால் கொடுத்தார்களாம், பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று. பிறந்தது நான். "எவ்வளவு பூ வீணாப் போச்சு" என்று பெரியத்தை இன்றைக்கும் சொல்லுவாள். எல்ஃபபா முதன்முதலாகக் கல்லூரிக்குள் வரும்போது, யாரும் கேட்பதற்கு முன்னாடியே தன் தோலைப் பற்றிய பதில்களை வரிசையாக ஒப்பிக்கிற இடம் ஒன்று உண்டு. அரங்கமே சிரித்தது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆமாம், அம்மாவும் வந்திருந்தாள். ஊரிலிருந்து வந்து நாலாவது நாள், விமான அலுப்பு தீரவில்லை. நான், அம்மா, என் பதினொரு வயது மகள், மூன்று பேர். டிக்கெட் எடுத்த தளத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று ஏற்றி 150 பவுண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் காசு கட்டும் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள்.

அரங்கம் 1930இல் சினிமா கொட்டகையாகக் கட்டப்பட்டதாம், உட்கார்ந்தால் அது தெரிகிறது. கடலுக்கடியில் இருக்கிற அரண்மனை மாதிரி ஓர் அலங்காரம். 2,300 பேருக்கு மேல் உட்காரலாம், அப்படியும் கீழே ஸ்டால்ஸ், மேலே சர்க்கிள் என்று இரண்டே அடுக்குதான். மேடைக்கு மேலே ஒரு பெரிய டிராகன் சிறகை விரித்துக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் பல்சக்கரங்கள். திரையில் ஆஸ் நாட்டு வரைபடம், நடுவில் மரகத நகரம் மட்டும் பச்சையாக மினுங்கும். விளக்கணைந்து டிராகன் தலையைத் திருப்பிப் புகை விட்டதும் என் மகள் "ஆச்சி, பாருங்க பாருங்க" என்று அம்மாவை உலுக்க ஆரம்பித்தவள்தான், இடைவேளை வரைக்கும் நிறுத்தவில்லை. கிளிண்டா மேலேயிருந்து ஒரு வளையத்தில் இறங்குவாள், சுற்றிலும் நிஜமான சோப்புக் குமிழிகள். என்னதான் இருந்தாலும் சோப்புத் தண்ணீர்தானே என்று தோன்றுகிறது, தோன்றிக்கொண்டே வாயும் திறந்துதான் இருக்கிறது.

இப்போது பறக்கிற இடத்துக்கு வருகிறேன். முதல் பாதி முடிகிற பாட்டு, புவியீர்ப்பை மீறுகிறேன் என்று எல்ஃபபா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பாட்டு. அவள் கொஞ்சம் பின்னால் போகிறாள், ஒரு நொடி இருட்டு, அப்புறம் கூட்டத்துக்கு மேலே நிற்கிறாள். அவள் கறுப்புப் பாவாடை கீழே மேடை வரைக்கும் மலை மாதிரி விரிகிறது, கீழிருந்து வெளிச்சம் கீற்றுக் கீற்றாக அடிக்கிறது, ஒரே புகை. உள்ளே இருப்பது ஆளைத் தூக்குகிற ஒரு மேடை, அவ்வளவுதான். அவள் இடமும் போகவில்லை வலமும் போகவில்லை, நேராகச் சில அடி உயர்ந்தாள், அங்கேயே நின்று பாடினாள். அன்றைக்கு நடித்தது வழக்கமான நாயகி இல்லை, மாற்று நடிகை என்று வாசலிலேயே சீட்டு ஒட்டியிருந்தார்கள். அடடா என்று நினைத்திருந்தேன். கடைசிக் கூவலை அவள் இழுத்த இழுப்பில், எனக்கு முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா கைத்தடியோடு எழுந்து நின்றுவிட்டார். டப்பென்று இருட்டு. இடைவேளை.

அம்மா கேட்டாள்: "ஏட்டி, கம்பி கட்டியா தூக்குதாவ?" இல்லம்மா, கீழே லிஃப்ட் மாதிரி ஏதோ இருக்கு என்றேன். பொருட்காட்சியில் ஆர்.எஸ். மனோகர் நாடகம் பார்த்த தலைமுறை அது. தந்திரக் காட்சி எப்படிச் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் விடாது, கண்டுபிடித்த பிறகும் கை தட்டும்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்தில் அம்மா தூங்கிவிட்டாள். நம்மூர் நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது, பாவம்.

மூன்று வாரம் கழித்துப் படம், அதே மூன்று பேர். வீட்டுப் பக்கத்துச் சினிமா, அரை மணி நேரம் விளம்பரம், ஏசியைக் குறைக்கச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஜான் எம். சூ இயக்கம். 2 மணி 40 நிமிடம், அதாவது நாடகம் இடைவேளையோடு மொத்தமாக எடுத்துக்கொள்கிற நேரம் கிட்டத்தட்ட, ஆனால் கதையில் பாதிதான் நடக்கிறது! எல்ஃபபாவாக சிந்தியா எரிவோ. இந்த அரங்கிலிருந்து டியூபில் மூன்றே ஸ்டாப் தள்ளியிருக்கிற ஸ்டாக்வெல்லில் பிறந்தவர். கிளிண்டாவாக அரியானா கிராண்டே. படப்பிடிப்பில் நேரடியாகவே பாடியிருக்கிறார்கள், மூச்சு வாங்குவதுகூட கேட்கிறது, அது பெரிய பலம்.

ஆனால் பறக்கிற இடம் இருக்கிறதே. படத்தில் அவள் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம், பறக்கிறாள். பலூன், காவலர்கள், சிறகு முளைத்த குரங்குகள், கோபுரத்திலிருந்து விழுவது, விழும்போது தன் சின்ன வயசு முகத்தையே கண்ணாடியில் பார்ப்பது, அப்புறம் மேகம், சூரியன், மறுபடி குரங்கு. பாட்டு ஒரு வரி வரும், ஓர் ஓட்டம் வரும், மறுபடி ஒரு வரி. எரிவோவின் தொண்டைக்கு ஒரு கும்பிடு, அதில் எனக்குப் பேச்சே இல்லை. இருந்தாலும் துண்டு துண்டாக நறுக்கி வைத்த மாதிரி இருந்தது. விட்டலாச்சார்யா படம் பார்த்து வளர்ந்தவளுக்கு மந்திரவாதி வானத்தில் போவது புதிதா என்ன? மேடையில் அந்தச் சில அடிக்கு எனக்குப் புல்லரித்தது. இங்கே இவ்வளவு வானத்தைக் காட்டியும் கை பாப்கார்ன் பக்கம் போனது.

இதற்கு நேர்மாறாக ஓர் இடம். நடன அரங்கில் எல்ஃபபா அந்தக் கூர்த்தொப்பியைப் போட்டுக்கொண்டு வருகிறாள். கிளிண்டா கேலிக்காகக் கொடுத்த தொப்பி அது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாரும் சிரிக்கிறார்கள். அவள் திரும்பிப் போகாமல் தனியாக ஆட ஆரம்பிக்கிறாள், பாட்டு இல்லை, தாளம் இல்லை, செருப்புச் சத்தம் மட்டும். நாடகத்தில் எங்கள் வரிசையிலிருந்து பார்க்கும்போது ஒரு குட்டி உருவம் கையை ஆட்டுவது மாதிரிதான் தெரிந்தது, நிறையப் பேர் சிரித்தார்கள், சீக்கிரம் முடிந்தும் விட்டது. படத்தில் கேமரா அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை. குற்ற உணர்ச்சியோடு கிளிண்டா வந்து அவள் அசைவுகளை அப்படியே திருப்பிச் செய்கிறாள். எல்ஃபபாவின் பச்சைக் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்குகிறது, கிளிண்டா விரலால் தொட்டுத் துடைக்கிறாள். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. என் மகள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வருஷம்தான் புதுப் பள்ளிக்கூடம், மதியச் சாப்பாட்டு மேசையில் யாரோடு உட்காருவது என்பதே பெரிய பிரச்சினையாக இருந்த நேரம். இந்த ஒரு காட்சிக்காகவே படத்துக்குக் கொடுத்த காசு எனக்குச் செரித்துவிட்டது.

மற்றபடி படத்தின் செலவு கண்ணில் தெரிகிறது. நார்ஃபோக்கில் 90 லட்சம் டியூலிப் நட்டார்களாம், ரயிலை நிஜமாகவே செய்தார்களாம். நூலகத்தில் புத்தக அலமாரி சக்கரங்கள் சுழலச் சுழல, இளவரசன் ஃபியேரோவாக வருகிற ஜோனதன் பெய்லி ஆடுவது கண்கொள்ளாத காட்சி. உடைக்கும் அரங்க அமைப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான். ஆனால் இவ்வளவையும் செய்துவிட்டு, ஏன் எல்லாக் காட்சியிலும் வெயிலை எதிரே வைத்துப் படம் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. வண்ணமெல்லாம் நாலு தடவை துவைத்த சேலை மாதிரி வெளிறிக் கிடக்கிறது. 1939 படத்தில் வண்ணம் எப்படிக் கண்ணில் அறையும்!

படம் முடியும் இடமும் அதே பறக்கிற பாட்டுதான். ஆக, அம்மா இரண்டு தடவை பணம் கொடுத்தும் முதல் பாதியை மட்டுமே பார்த்திருக்கிறாள். நாடகத்தில் இருபது நிமிட இடைவேளை, படத்தில் ஒரு வருஷ இடைவேளை. அதற்குள் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் பாகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மேடையில் ஒரு மணி நேரத்தில் விறுவிறுவென்று முடிகிற சமாச்சாரம், இங்கே 2 மணி 17 நிமிடம். புதிதாக இரண்டு பாட்டு சேர்த்திருக்கிறார்கள், வெளியே வந்து காரை எடுப்பதற்குள் இரண்டுமே மறந்துவிட்டன. எனக்குப் பிடித்தது, சக்கர நாற்காலியில் வருகிற எல்ஃபபாவின் தங்கை நெசரோஸ் விஷயம். அந்த வேடத்தில் நடித்த மரிஸா போட் நிஜ வாழ்க்கையிலும் சக்கர நாற்காலியில் இருப்பவர். நாடகத்தில் மந்திரத்தால் அவள் எழுந்து நடப்பாள், படத்தில் அப்படி இல்லை, தரையிலிருந்து மிதக்கிறாள். கடைசியில் தோழிகள் இருவரும் விடைபெறுகிற பாட்டில் மறுபடி முகம்தான், மறுபடி படம்தான் ஜெயிக்கிறது.

எனவே, கையில் காசு ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது என்றால் நாடகத்துக்குப் போங்கள், முடிந்தால் கீழே ஸ்டால்ஸில் எடுங்கள், எங்களை மாதிரி மேலே பின்வரிசையில் எடுத்தால் முகம் தெரியாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்று அவர்களே சொல்கிறார்கள், அது சரிதான், அந்தக் குரங்குகள் சின்னப் பிள்ளைகளை அழ வைத்துவிடும். முதல் பாகப் படத்தை வீட்டிலேயே பார்க்கலாம், நடன அரங்குக் காட்சி வரும்போது போனைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

போன வாரம் அம்மா போனில் கேட்டாள், "ஏட்டி, அந்தப் பச்சப் பிள்ள கடசில என்ன ஆனா? ஏன் எல்லாரும் அவள வையுதாவ?" சொல்ல வாயெடுத்தேன். "இரு இரு, சொல்லாத. அடுத்த தடவ வரும்போது பாத்துக்கிடுதேன். பகல் ஆட்டத்துக்கு எடு."