லினக்ஸ்சிஎன்சி ஆவணத்தில் விடுபட்டதை எங்கே எழுதுவது: விக்கியா, கையேடா, மூலநிரலா?

லேத், மில்லிங் போன்ற இயந்திரங்களைக் கணினியால் ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியில் ‘ஸ்பிண்டில்.0.ஸ்பீடு-இன்’ என்று ஒரு பின் (மென்பொருளின் பகுதிகளுக்கிடையே மதிப்பைக் கடத்தும் இணைப்புப் புள்ளி) இருக்கிறது. ஸ்பிண்டில் (இயந்திரத்தின் சுழலும் தண்டு) உண்மையில் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதை, சுழற்சியை அளக்கும் என்கோடரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பின் அது. அது எதிர்பார்ப்பது நொடிக்கு எத்தனை சுற்று என்ற கணக்கை. அதன் ஜோடியான ‘ஸ்பீடு-அவுட்’ தருவதோ நிமிடக் கணக்கு. இது தெரியாமல் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) எண்ணை அப்படியே ஸ்பீடு-இன்னில் இணைத்தால், 600 ஆர்பிஎம்மில் ஓடும் லேத்தை மென்பொருள் 36,000 என்று எடுத்துக்கொள்ளும். ஜி95 என்ற ஜி-கோடு (இயந்திரக் கட்டளை) போட்டு சுற்றுக்கு 0.1 மி.மீ. ஃபீடு (வெட்டும்போது டூல் நகரும் அளவு) கேட்டிருந்தால், நிமிடத்துக்கு 60 மி.மீ. நகர வேண்டிய டூல் 3,600 மி.மீ. வேகத்தில் பாயப் பார்க்கும். ஆக்சிஸுக்கு நாம் வைத்த உச்சவேக வரம்புதான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

இந்தக் குறிப்பிட்ட பின்னின் அலகு கையேட்டில் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதால்தான் அது அங்கே இருக்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதப்படாத பின்களும் உண்டு. பெயர் இருக்கும், வகை இருக்கும்; அலகு இருக்காது, எப்போது உண்மையாகும் எப்போது பொய்யாகும் என்ற விவரம் இருக்காது. இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளில் இது வெறும் எழுத்து வேலை இல்லை; கை, கண், டூல், ஜாப் எல்லாவற்றின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

அப்படி ஒரு குறையைக் கண்டுபிடித்து, சரியான விடையையும் உங்கள் இயந்திரத்தில் சோதித்துத் தெரிந்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே எழுதுவது? லினக்ஸ்சிஎன்சிக்குள்ளேயே மூன்று இடங்கள் போட்டி போடுகின்றன. கிளிப்பர், மார்லின், ஜிஆர்பிஎல் ஆகிய மற்ற இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் இதே கேள்விக்கு வேறு வேறு வழி கண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: நாளைக்கு நிரல் மாறும்போது, நாம் எழுதிய வரி பொய்யாகிவிட்டது என்பது யார் கண்ணிலாவது படுமா?

விக்கி: எழுத எளிது, காப்பாற்றக் கடினம்

லினக்ஸ்சிஎன்சி இன்று நேற்று வந்ததில்லை. 1990-களில் அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஎஸ்டியில் ‘என்ஹான்ஸ்டு மெஷின் கன்ட்ரோலர்’ என்ற பெயரில் தொடங்கியது. பொதுவெளிக்கு வந்து, இஎம்சி2 ஆகி, பிறகு இப்போதைய பெயரைப் பெற்றது. இத்தனை ஆண்டுகளில் பயனர்கள் விக்கியில் கொட்டிவைத்த அனுபவம் கொஞ்சநஞ்சமல்ல: பழைய லேத்துக்கு மறுவாழ்வு கொடுத்தது, டூல் சேஞ்சருக்கு லேடர் நிரல் எழுதியது, விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வயரிங் என்று எதைத் தேடினாலும் ஒரு பக்கம் கிடைக்கும். விக்கியில் எழுத யாருடைய பரிசீலனைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தைத் திறந்தோம், எழுதினோம், சேமித்தோம், அவ்வளவுதான்.

ஆனால் 2020-இல் வந்த 2.8 பதிப்பு என்ன செய்தது என்று பாருங்கள். அதுவரை ஆக்சிஸ் (எக்ஸ், இசட் போன்ற நகர்வுத் திசை) வேறு, ஜாயின்ட் (தனித்தனியாக நகரும் உறுப்பு) வேறு என்று பிரிக்காமல் ஓடிக்கொண்டிருந்த அமைப்பு அதில் பிரிக்கப்பட்டது. ‘ஆக்சிஸ்.0.மோட்டார்-பாஸ்-சிஎம்டி’ என்றிருந்த பின் ‘ஜாயின்ட்.0.மோட்டார்-பாஸ்-சிஎம்டி’ ஆனது. ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிண்டிலுக்கு வசதி வந்ததால் ‘மோஷன்.ஸ்பிண்டில்’ என்று தொடங்கிய பின்கள் ‘ஸ்பிண்டில்.0’ என்று மாறின. ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பின் பகுதிப் பெயர்களும் மாறின. பழைய அமைப்புக் கோப்புகளை மாற்றித் தர ஒரு ஸ்கிரிப்ட்டையே திட்டத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். விக்கிப் பக்கங்களுக்கு அப்படி ஒரு ஸ்கிரிப்ட் கிடையாது. அதற்கு முன்பு எழுதப்பட்ட ஒரு ஹால் (பின்களை ஒன்றோடொன்று இணைக்கும் அடுக்கு) உதாரணத்தை இன்று எடுத்து ஒட்டினால், அப்படி ஒரு பின்னே இல்லை என்று பிழை காட்டி மென்பொருள் நின்றுவிடும். புதிதாக வருபவர் தன் வயரிங்கைச் சந்தேகப்படுவார், கார்டைச் சந்தேகப்படுவார். தான் படித்த பக்கத்தைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றாது.

கிட்ஹப் விக்கியிலும் இதே குறை உண்டு. அங்கே புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பும் வழியே இல்லை. திருத்தும் உரிமை உள்ளவர் நேரடியாகத் திருத்துவார், இல்லாதவர் வெளியே நிற்பார். நான் விக்கியை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை நீங்கள் எப்படி மாற்றியமைத்தீர்கள் என்ற முழுக் கதைக்கு அதுதான் சரியான இடம். எந்தப் பதிப்பில் சோதித்தது என்பதை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் அந்தப் பக்கம் பல ஆண்டுகள் உதவும். பின்னின் அலகு போன்ற அடிப்படை உண்மைக்கு மட்டும் அது இடமில்லை.

கையேடு: மரியாதைக்குரிய இடம், சில கண்ணிகளோடு

லினக்ஸ்சிஎன்சியின் அதிகாரபூர்வக் கையேடு நிரல் இருக்கும் அதே ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்), டாக்ஸ் என்ற அடைவில், ஆஸ்கிடாக் என்ற எளிய எழுத்து வடிவத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் லிக்ஸ் என்ற எடிட்டரில் இருந்ததைப் பிறகு ஆஸ்கிடாக்குக்கு மாற்றினார்கள். இந்த மாற்றத்தால் பங்களிப்பவருக்குக் கிடைத்த நன்மை பெரியது: சாதாரண எழுத்துக் கோப்பு, எந்த எடிட்டரிலும் திறக்கலாம், எந்த வரி மாறியது என்று மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் துல்லியமாகத் தெரியும். சின்னத் திருத்தம் என்றால் கிட்ஹப் பக்கத்திலேயே பென்சில் குறியை அழுத்தி எழுதி அனுப்பிவிடலாம். முழுக் கையேட்டையும் உங்கள் கணினியில் பில்ட் செய்து பார்க்க விரும்பினால் துணைத் தொகுப்புகள் நிறைய நிறுவ வேண்டும், நேரமும் பிடிக்கும். ஒரு பத்தித் திருத்தத்துக்கு அது தேவையில்லை.

நான் சொன்ன கண்ணிகளில் முதலாவது, எந்தக் கிளை என்பது. மாஸ்டரிலும் (அடுத்த பதிப்புக்கான வேலை நடக்கும் கிளை) வெளியாகிவிட்ட பதிப்பிலும் ஒரே பிழை இருந்தால், திருத்தத்தை வெளியான பதிப்பின் கிளைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது மேலே மாஸ்டருக்கு மெர்ஜ் ஆகி (இணைக்கப்பட்டு) போகும். நேராக மாஸ்டருக்கு அனுப்பினால், இன்று இயந்திரம் ஓட்டிக்கொண்டிருப்பவர் படிக்கும் கையேட்டில் அந்தத் திருத்தம் வராது.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. கையேட்டின் ஒவ்வொரு பத்தியையும் பிஓ4ஏ என்ற கருவி பிரித்தெடுத்து, வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளம் வழியாக மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுக்கிறது. ஆங்கிலப் பத்தியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எல்லா மொழிகளிலும் அந்தப் பத்தி ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்ற நிலைக்குப் போய்விடும். ஆகவே, விடுபட்ட ஒரு வாக்கியத்தைச் சேர்க்கப் போன இடத்தில் அக்கம்பக்கத்துப் பத்திகளின் நடையையும் சேர்த்து மெருகேற்றுவது உதவி ஆகாது. முகம் தெரியாத பலரின் உழைப்பை அது வீணாக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது: இரட்டிப்பு. இயக்கத்தைக் கவனிக்கும் மென்பொருள் பகுதியான மோஷன் காம்பொனென்ட்டின் பின்கள் கையேட்டிலும் விளக்கப்பட்டிருக்கின்றன, மேன் பேஜிலும் (கட்டளை வரியில் திறக்கும் உதவிப் பக்கம்) விளக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைத் திருத்துபவர் மற்றதைத் தேடிப் போய்த் திருத்த வேண்டும் என்று எந்தக் கருவியும் கட்டாயப்படுத்துவதில்லை. நீங்கள் கையேட்டைத் தொட்டால், அதே பின்னின் பெயரை டாக்ஸ் அடைவு முழுக்க ஒரு முறை தேடிப் பாருங்கள்.

எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ‘அட்-ஸ்பீடு’ பின்னின் விளக்கத்தை முன்மாதிரியாகச் சொல்வேன். இந்தப் பின் உண்மையாகும்வரை இயக்கம் காத்திருக்கும் என்று தொடங்குகிறது. எந்தெந்தத் தருணங்களில் காத்திருக்கும் என்று அடுத்து வருகிறது: ஸ்பிண்டிலைத் தொடங்கியோ வேகத்தை மாற்றியோ முடித்தபின் வரும் முதல் ஃபீடு நகர்வுக்கு முன், ஸ்பிண்டிலோடு ஒத்திசைந்த நகர்வுத் தொடருக்கு முன், மாறாப் பரப்புவேகத்தில் ரேப்பிடிலிருந்து (வெட்டாமல் வேகமாக நகர்வது) ஃபீடுக்கு மாறும் ஒவ்வொரு முறையும். பிறகு எதற்காக இது என்று லேத் ஃபேசிங்கை (ஜாபின் முகப்பைச் சமமாக வெட்டுவது) வைத்துச் சொல்கிறது. கடைசியாக, உங்கள் விஎஃப்டியில் அட்-ஸ்பீடு வெளியீடு இல்லையென்றால் ‘நியர்’ காம்பொனென்ட்டை வைத்து, கேட்ட வேகத்தையும் உண்மை வேகத்தையும் ஒப்பிட்டு அந்தச் சிக்னலை உருவாக்கிக்கொள்ளலாம் என்கிறது. எப்போது, ஏன், இல்லாவிட்டால் என்ன வழி என்ற மூன்றும் ஒரே பத்திக்குள். படிப்பவர் எழுந்து போய் வயரை இணைக்கலாம்.

மூலநிரல்: நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம்

ஹால் காம்பொனென்ட்களில் பல ‘காம்ப்’ கோப்புகளாக எழுதப்படுகின்றன. ஹால்கம்பைல் என்ற கருவி அதிலிருந்து சி நிரலை உருவாக்குகிறது. அதே கோப்பிலிருந்து மேன் பேஜையும் உருவாக்குகிறது. பின்னை அறிவிக்கும் வரியிலேயே, அதன் பெயருக்குப் பின்னால் மேற்கோள் குறிக்குள் ஒரு விளக்கம் எழுத இடம் உண்டு. அந்த இடத்தை எழுதியவர் காலியாக விட்டாலும் கம்பைல் ஆகும், மேன் பேஜும் வரும். அதில் பின்னின் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கும். நம்மைக் குழப்பும் பல மேன் பேஜ்களின் பிறப்பு இங்கேதான்.

இதை நிரப்ப சி தெரிய வேண்டியதில்லை. மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம் போதும். பிற்காலத்தில் யாராவது அந்தப் பின்னின் நடத்தையை மாற்ற வந்தால், அவர் கோப்பைத் திறந்ததுமே உங்கள் வாக்கியம் கண்முன் நிற்கும். பின்னின் பெயரை மாற்றினால் அதே வரியைத்தான் மாற்ற வேண்டும். என் அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அளவில் சின்னதாக இருப்பதால் பரிசீலிப்பவருக்கும் வேலை குறைவு.

குறை என்னவென்றால், எல்லாக் காம்பொனென்ட்டும் காம்ப் கோப்பு இல்லை. மோஷன், என்கோடர், மெசா கார்டுகளுக்கான ஹோஸ்ட்மாட்2 எல்லாம் நேராக சியில் எழுதப்பட்டவை. அவற்றின் மேன் பேஜ்கள் தனிக் கோப்புகள், கையால் எழுதியவை. அங்கே பழைய பிரச்சினை திரும்ப வந்துவிடும். விரிவான கருத்துகளுக்கும் மேற்கோள் குறிக்குள் இடம் போதாது. ஹோமிங் (இயந்திரம் தன் தொடக்க இடத்தைக் கண்டறிவது) எப்படி நடக்கிறது என்பதைப் படம் இல்லாமல் எவ்வளவு சொல்லிவிட முடியும்?

மற்ற திட்டங்கள் செய்தது

கிளிப்பர் 3டி பிரின்டர் உலகத்தைச் சேர்ந்தது. ஆவணம் எழுதும் வேலையை அது நல்லெண்ணத்துக்கு விட்டுவிடவில்லை. புதிய அமைப்பு விருப்பம் ஒன்றைச் சேர்க்கும் நிரலோடு கான்ஃபிக் ரெஃபரன்ஸ் கோப்பில் அதற்கான விளக்கமும் வர வேண்டும். புதிய கட்டளை என்றால் ஜி-கோடு கோப்பில். பழைய அமைப்பை முறிக்கும் மாற்றம் என்றால் அதற்கென்றே இருக்கும் மாற்றப் பட்டியலில். எல்லாம் மார்க்டவுன், எல்லாம் நிரலின் அதே ரெப்போவில். கமிட்டில் உண்மைப் பெயரோடு ‘சைன்டு-ஆஃப்-பை’ வரியும் கேட்பார்கள். கெடுபிடி போலத் தோன்றும். ஆனால் இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு விருப்பத்தின் பெயரைத் தேடினால் விளக்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய ஆறுதல்! லினக்ஸ்சிஎன்சி இதைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

இன்னொரு 3டி பிரின்டர் மென்பொருளான மார்லின் ஆவணத்துக்குத் தனி ரெப்போவே வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஜி-கோடுக்கும் ஒரு கோப்பு. அதன் தலைப்பகுதியில் அளவுருக்கள், உதாரணங்கள், எந்தப் பதிப்பிலிருந்து உண்டு, எந்த அமைப்பை இயக்கியிருக்க வேண்டும் என்று கட்டங்கட்டமாக நிரப்ப வேண்டும். புதியவருக்கு இதைவிட வசதி கிடையாது. எந்தக் கட்டம் காலி என்று பார்த்தாலே வேலை தெரிந்துவிடும். ஆனால் நிரல் ஒரு வீட்டில், ஆவணம் இன்னொரு வீட்டில். நிரல் மெர்ஜ் ஆன அன்றே ஆவணமும் மாறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சின்ன சிஎன்சி இயந்திரங்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அது ஓடும் ஏடிமெகா328பி சிப்பில் ஃப்ளாஷ் நினைவகம் 32 கிலோபைட்தான். இடத்தை மிச்சம் பிடிக்க 1.1 பதிப்பில் பிழைச் செய்திகளின் சொற்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் அனுப்பத் தொடங்கினார்கள். பிழை 9 என்றால் அலாரம் நிலையிலோ ஜாக் (கையால் இயக்கி நகர்த்தும்) நிலையிலோ ஜி-கோடு பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பொருள் ஃபர்ம்வேரில் (சிப்பில் ஓடும் நிரலில்) இல்லை. ரெப்போவின் ஆவண அடைவில் உள்ள சிஎஸ்வி அட்டவணைக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பில் ஒரு வரி விடுபட்டால் இயந்திரம் பேசுவதே நமக்குப் புரியாது.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது

கையில் இயந்திரம் இருக்கிறது, ஒரு பின்னின் நடத்தையை உறுதியாகக் கண்டுவிட்டீர்கள் என்றால் முதலில் காம்ப் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் மேன் பேஜ். கையேட்டில் அதே பின் வந்தால் அங்கும் சேர்த்து, இரண்டையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில். கருத்தை விளக்கும் பத்தி, படம், படிப்படியான வழிகாட்டி எல்லாம் கையேட்டுக்கு. உங்கள் லேத்தின் தனிக்கதை விக்கிக்கு. இயந்திரம் இல்லாதவர் சிமுலேஷன் அமைப்புகளை ஓட்டிப் பார்த்து, அவற்றில் விளக்கக் குறிப்பு இல்லாத வரிகளுக்குக் குறிப்பு எழுதலாம். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் வன்பொருள் சார்ந்த எதையும் அதை மட்டும் நம்பி எழுதக் கூடாது.

கார்டு தயாரிப்பாளரின் மேனுவலிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். லினக்ஸ்சிஎன்சி கையேடு குனு ஃப்ரீ டாக்குமென்டேஷன் லைசென்ஸின் கீழ் வருவது. மற்றவரின் காப்புரிமை எழுத்து அதற்குள் போக முடியாது. உண்மையைச் சோதித்து உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள்.

உங்கள் திருத்தத்தைப் பரிசீலிப்பவரிடம் அந்தக் கார்டோ என்கோடரோ இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் நம்பி மெர்ஜ் செய்யக் காரணம் நீங்கள்தான் தர வேண்டும். எந்தப் பதிப்பு, எந்தக் கார்டு என்று எழுதுங்கள். ஸ்பிண்டிலை 600 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, ஹால்சிஎம்டி என்ற கட்டளைக் கருவியில் பின்னின் மதிப்பைக் காட்டச் சொல்லி, அங்கே 10 வருகிறதா 600 வருகிறதா என்று பார்த்து, அந்த வெளியீட்டை அப்படியே புல் ரிக்வெஸ்ட்டில் ஒட்டுங்கள்.